கடலடி மண்ணைத் தென்பெண்ணைக் கரையில் படிப்பது எப்படி?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தென்பெண்ணைக் கரையிலுள்ள காவேரிப்பட்டணத்தில் என்னிடம் படிக்கும் பிள்ளைகள் பலர் கடலைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் கடலடி வண்டலைச் சொல்லித்தரத் தென்பெண்ணை போதும்; அது கடலூர் அருகே வங்கக் கடலில்தான் சேர்கிறது.

இரண்டு பாட்டில்களில் ஆற்று வண்டலைக் கால் பங்கு போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் இரண்டு ஸ்பூன் கல்லுப்பு. நன்றாகக் குலுக்கி, அசைக்காமல் வையுங்கள். மணல் உடனே அடியில் உட்காரும். களிமண்ணைத்தான் கவனிக்க வேண்டும். உப்பில்லாத தண்ணீர் வெகுநேரம் கலங்கியே நிற்கும். உப்புத் தண்ணீரில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரிதிரியாக இறங்கும். முகத்துவாரத்தில் சேறு படிவதற்கு இதுவும் ஒரு காரணம். இது நிலம் தரும் வண்டல். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டியது வங்கக் கடலடியில் சுமார் 3,000 கி.மீ. நீளத்துக்குப் பரந்து கிடக்கிறது!

அடுத்தது உயிர்கள் தருவது. சிப்பியைப் பொடித்து எலுமிச்சைச் சாறு விடுங்கள், நுரைத்துக் கரையும். ஆழ்கடலின் குளிர்ந்த நீரில் கரிமில வாயு மிகுதி; அது நீரின் அமிலத்தன்மையைக் கூட்டும். அதனால் நுண்ணுயிர்களின் சுண்ணாம்பு ஓடுகள் பொதுவாக 4,500 மீட்டருக்குக் கீழே மிஞ்சுவதில்லை. அங்கே செங்களிமண்ணும், டயட்டம், ரேடியோலேரியா என்னும் நுண்ணுயிர்கள் விட்டுப்போன சிலிக்கா ஓடுகளும்தான்.

விண்ணிலிருந்து விழும் தூசியும் உண்டு, மிகச் சொற்பம். கடல்நீரிலிருந்தே படியும் மாங்கனீசு முடிச்சுகளோ (உலோகம் செறிந்த சிறு உருண்டைகள்) பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளரும். மத்திய இந்தியப் பெருங்கடலில் அவற்றை ஆராய இந்தியாவுக்கு 75,000 சதுர கி.மீ. ஒதுக்கப்பட்டிருக்கிறது.