நாய்க்குச் சத்து மாத்திரை: அளவைக் கணக்கிடும் முறை

மீன் எண்ணெய் டப்பாவின் முகப்பில் 1000 மி.கி. என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது கேப்ஸ்யூலில் உள்ள எண்ணெயின் எடை. நாய்க்குப் பலன் தரும் ஒமேகா-3 கொழுப்புகளான இ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும் எவ்வளவு என்பது பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். சாதாரண கேப்ஸ்யூலில் 180-ம் 120-ம், ஆக மொத்தம் 300 மி.கி. கணக்குப் போட வேண்டியது இந்த 300-ஐ வைத்துத்தான். எந்தச் சத்து மாத்திரைக்கும் இதே விதிதான்.

முதலில் எடை. கண்மதிப்பு வேண்டாம். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறிப் பாருங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள், கழித்துவிடுங்கள். குட்டியாக இருந்தால் வாரம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும்.

மீன் எண்ணெயை கிலோவுக்கு 50 மி.கி. (இ.பி.ஏ.வும் டி.எச்.ஏ.வும் சேர்த்து) என்ற இலக்கில் வைக்கலாம். 12 கிலோ நாய்க்கு 600 மி.கி., அதாவது தினம் 2 கேப்ஸ்யூல். முதல் வாரம் ஒன்றோடு நிறுத்துங்கள். மலம் இளகாமல் இருந்தால் இரண்டாக்குங்கள். மூட்டு வலிக்கு மருத்துவர் இதைவிடக் கூட்டித் தரலாம், ஆனால் அதற்கும் உச்ச வரம்பு உண்டு. கால்குலேட்டரில் எடையை மூன்று முறை பெருக்கி (12 × 12 × 12 = 1728), வர்க்கமூலப் பொத்தானை இரண்டு தடவை அழுத்துங்கள். 6.45 வரும். அதை 370-ஆல் பெருக்கினால் சுமார் 2385 மி.கி. ஒரு நாளைக்கு இதைத் தாண்டக் கூடாது. இதே கணக்கில் 40 கிலோ நாய்க்கு 5885 மி.கி.தான் வரும். உடல் பெருக்கும் அளவுக்கு வரம்பு பெருகாது, அதனால் சின்ன நாயின் அளவை அப்படியே மூன்று மடங்கு, நான்கு மடங்கு ஆக்காதீர்கள்.

அறுவை சிகிச்சை வரப்போகிறது என்றால் மீன் எண்ணெய் கொடுப்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ரத்தம் உறைவதை அது தாமதப்படுத்தக்கூடும். மீன் ஈரல் எண்ணெய் வேறு சரக்கு. அதில் வைட்டமின் ஏ-யும் டி-யும் செறிந்திருக்கும், மீன் எண்ணெய்க்குப் பதிலாக அதை ஊற்றவே கூடாது. டப்பா திறந்து நாளாகிவிட்டால் ஒரு கேப்ஸ்யூலை ஊசியால் குத்தி முகர்ந்து பாருங்கள். மீன் வாசம் இருந்தால் சரி, பெயின்ட் நெடி அடித்தால் தூக்கிப் போடுங்கள்.

கால்சியத்தில்தான் அன்பு மிகுந்து ஆபத்தாகிறது. பெரிய இனக் குட்டி வேகமாக வளர்கிறதே என்று சிரப் ஊற்றுகிறார்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடல், மிஞ்சிய கால்சியத்தைத் தள்ளிவிடத் தெரியாமல் உறிஞ்சிக்கொள்ளும். எலும்பு கோணலாக வளரும், மூட்டு கெடும். முழுச் சத்துணவு என்று லேபிளில் உள்ள குட்டித் தீவனம் சாப்பிடும் குட்டிக்குச் சொட்டு கால்சியம்கூடத் தேவையில்லை.

வீட்டில் சமைத்த இறைச்சி மட்டும் தின்னும் வளர்ந்த நாயின் கதை நேர் எதிர். இறைச்சியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் சொற்பம். 1000 கலோரி சாப்பாட்டுக்குக் குறைந்தது 1.25 கிராம் கால்சியம் வேண்டும். முட்டை ஓட்டைக் கழுவி, சுட்டுக் காயவைத்து, மாவாக அரைத்தால் அந்தப் பொடியில் 38 சதவீதம் வரை கால்சியம். ஆக 3.3 கிராம் பொடி போதும். கரண்டியில் அள்ளாமல் சிறு டிஜிட்டல் தராசில் நிறுத்துப் போடுங்கள்.

வைட்டமின் டி-யில் கைத்தவறே உயிரைக் கேட்கும். மனிதர்கள் வாரத்துக்கு ஒன்று போடும் 60,000 ஐ.யூ. (சர்வதேச அலகு; இது 1.5 மி.கி.) கேப்ஸ்யூல் 10 கிலோ நாய்க்குக் கிலோவுக்கு 0.15 மி.கி. ஆகிவிடும். 0.1-ஐத் தாண்டினாலே ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். மனிதர்களின் சப்பும் மாத்திரை, சிரப் எதையும் கொடுக்கும் முன் லேபிளில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கிறதா என்று தேடுங்கள். 10 கிலோ நாய்க்கு ஒரு கிராமே ரத்தச் சர்க்கரையைத் தடாலென்று இறக்கப் போதும்.

திரவ மருந்தை ஊசி கழற்றிய சிரிஞ்சால் அளந்து கன்னத்தோரம் மெல்ல விடுங்கள். வீட்டுக் கரண்டிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. இரண்டு நாய்கள் இருந்தால் தனித்தனித் தட்டு, தின்று முடிக்கும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள். இல்லையேல் ஒன்று இரு பங்கையும் விழுங்கிவிடும். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம், வழக்கமான அளவே போதும். மொத்த டப்பாவையும் கடித்துத் தின்றுவிட்டால் உப்புநீர் ஊற்றி வாந்தி எடுக்கவைக்காமல், டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் கிளம்புங்கள்.