பழைய கார் சாவி திரும்பாமல் சிக்கிக்கொண்டால்
பலத்தைக் காட்டாதீர்கள், சாவி உள்ளேயே முறிந்துவிடும். ஒரு கையால் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டிக்கொண்டே மறு கையால் சாவியைத் திருப்புங்கள். சக்கரம் ஒரு பக்கம் திரும்பியபடி வண்டி நின்றிருந்தால் ஸ்டீயரிங் லாக்கின் இரும்பு முளை பள்ளத்தின் ஓரத்தில் இறுகிக்கொள்ளும், அந்த அழுத்தம் தளர்ந்தால்தான் உள்ளே சாவி நுழையும் பூட்டு சிலிண்டர் சுழலும். ஆட்டோமேட்டிக் வண்டியில் சாவி வெளியே வராவிட்டால் கதையே வேறு, கியர் 'பி'யில் (பார்க்கிங்) முழுசாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், சாவித் துளையில் எண்ணெய் ஊற்றாதீர்கள், தூசி சேர்ந்து பிசுக்காகிவிடும். கொஞ்சம் கிராஃபைட் தூள் போதும். சாவியே தேய்ந்தோ வளைந்தோ இருந்தால் இதெல்லாம் உதவாது. ஸ்பேர் சாவியைப் போட்டுப் பாருங்கள், அதற்கும் அசையாவிட்டால் மெக்கானிக்தான்.