ஏடிவிக்கு டயர் மாற்றும் முன் தரையைப் பாருங்கள்

எங்கள் தென்னந்தோப்பில் ஓடும் ஏடிவியின் (கரடுமுரடான தரையில் ஓட்டும் சிறிய நான்கு சக்கர வண்டி) டயர்களில் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடுகள், தேய்ந்து மொட்டையானதும், கடையில் இருந்ததிலேயே முரட்டுச் சேற்று டயராகப் பார்த்து வாங்கி வந்தேன். ஒரே மாதத்தில் தென்னம்பாத்தி ஓரமெல்லாம் உழுதுபோட்ட மாதிரி ஆனது. சொட்டுநீர்க் குழாயும் இரண்டு இடத்தில் கிழிந்தது. முதல்முறை டயர் மாற்றுகிறவர்களுக்கு அந்த நஷ்டம் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: பழைய டயரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்

டயரின் பக்கவாட்டை ஈரத்துணியால் துடைத்தால் 25×8-12 என்பதுபோல ஓர் எண் தெரியும். 25 என்பது காற்றடித்த டயரின் உயரம், 8 அகலம், 12 ரிம்மின் விட்டம். மூன்றுமே அங்குலம். பின்டயரில் 25×10-12 என்று இருக்கலாம். பழைய வண்டியாக வாங்கியிருந்தால் இந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். முன்பு வைத்திருந்தவர் அளவை மாற்றியிருக்கக்கூடும். வண்டியோடு வந்த கையேட்டிலும் பார்த்துவிடுங்கள்.

படி 2: உயரத்தில் கை வைக்காதீர்கள்

எனக்குத் தெரிந்து புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். 25-க்குப் பதில் 27 போட்டால் வண்டி கம்பீரமாகத் தெரியும், உண்மை. ஆனால் தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் நடுவே கூடுவது ஓர் அங்குலம்தான். அதற்காக எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் கூடுதலாக இழுக்க வேண்டும், எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும் பெல்ட் சூடாகும். ஸ்பீடோமீட்டர் 40 காட்டும்போது வண்டி 43-ல் போய்க்கொண்டிருக்கும்.

ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. முன்டயருக்கும் பின்டயருக்கும் உயரம் பொருந்தாவிட்டால், ஒரே தூரத்தைக் கடக்க இரண்டும் வேறு வேறு எண்ணிக்கையில் சுற்றப் பார்க்கும். அந்த முறுக்கு முழுவதும் கியரிலும் ஆக்ஸிலிலும் இறங்கும். நன்றாகத் தேய்ந்த முன்டயரோடு புதுப் பின்டயர் சேர்ந்தாலும் இதே கதைதான். சந்தேகம் வந்தால் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அது தரையைத் தொடும் இடத்திலும் குறி வையுங்கள். வண்டியை நேராகத் தள்ளி, கோடு மறுபடி தரைக்கு வந்ததும் நிறுத்தி, டேப்பால் அளந்து பாருங்கள். முன்னும் பின்னும் தனித்தனியாக அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். நான்கையும் சேர்த்து மாற்றுவதே நல்லது.

படி 3: வண்டி ஓடுவது எந்தத் தரையில்?

ஒரு வாரம் வண்டி போகும் வழியை நினைத்துப் பாருங்கள். முக்கால்வாசி கெட்டித் தரை என்றால் பட்டன் குட்டையாக, நெருக்கமாக உள்ள டயர் போதும். சீக்கிரம் தேயாது, அதிர்வும் குறைவு. ஆழமான சேற்றில் தினமும் இறங்குகிறவருக்குத்தான் ஓர் அங்குலத்துக்கு மேல் பட்டன் உள்ள டயர் தேவை. அதை மணலில் ஓட்டினால் குழி பறித்து வண்டி உட்கார்ந்துவிடும். எல்லாம் கலந்த தரைக்கு ஆல் டெரெய்ன் வகையை வாங்குங்கள். இப்போது எங்கள் வண்டியில் ஓடுவதும் அதுதான்.

படி 4: முள்ளுக்கு ஏற்ற பிளை

சீமைக்கருவேல முள் குத்திய டயரைப் பிரித்துப் பார்த்தவருக்கு இதைச் சொல்லவே வேண்டாம். விரல் நீளத்துக்கு உள்ளே இறங்கியிருக்கும், வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். ஏடிவி டயர்களில் 2, 4, 6 என்று பிளை (டயருக்குள் இருக்கும் துணி அடுக்கு) ரேட்டிங் போட்டிருப்பார்கள். 6 என்றால் உள்ளே ஆறு அடுக்கு இருக்கிறது என்று அர்த்தமில்லை, அந்த அளவுக்கு வலு என்று அர்த்தம். முள்ளும் கூர்க்கல்லும் உள்ள இடத்துக்கு 6 வாங்குங்கள். எடை கூடும், ஓட்டம் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். ஆனால் பஞ்சருக்காக நடுத்தோப்பில் நிற்பது குறையும்.

படி 5: கடையில்

பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதிக் குறியைத் தேடுங்கள். 2323 என்றால் 2023-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. பட்டன் இடுக்கில் நுண்ணிய வெடிப்பு தெரிந்தால், விலையைக் குறைத்துத் தந்தாலும் வேண்டாம்.

படி 6: மாட்டும்போது கூடவே நில்லுங்கள்

டயரில் அம்புக்குறி இருந்தால் வண்டி முன்னே போகும்போது சக்கரம் சுற்றும் பக்கம் அது பார்க்க வேண்டும். ரிம்மில் டயர் உட்கார சோப்புத் தண்ணீர் தடவச் சொல்லுங்கள். பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவைத் தாண்டிக் காற்றடிக்க விடாதீர்கள், டயர் வெடித்துவிடலாம்.

அப்புறம் காற்று. கார் டயருக்கு 30 பிஎஸ்ஐ சுற்றி வைப்பார்கள். ஏடிவிக்குப் பெரும்பாலும் 5 முதல் 7 வரைதான். எங்கள் பக்கத்துப் பஞ்சர் கடையில் பழக்கதோஷத்தில் 25 வைத்துவிட்டார்கள். தோப்புக்குள் நுழைந்ததும் வண்டி பந்துபோலத் துள்ளியது, வரப்புத் திருப்பத்தில் பின்பக்கம் வழுக்கிவிட்டது. கார் மீட்டரில் 5-க்கும் 8-க்கும் வித்தியாசம் சரியாகத் தெரியாது. குறைந்த அழுத்தம் காட்டும் சிறிய மீட்டர் ஒன்று வாங்கி, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். முதல் நாள் ஓட்டி முடித்ததும் வீல் நட்டுகளை இன்னொரு முறை முறுக்கிவிடுங்கள்.