ஃபின்களை அடுக்கித் தேய்த்தேன், சுழற்சி நின்றது

என் இரண்டாவது மாடல் ராக்கெட் மேலே ஏறும்போதே பம்பரமாகச் சுழன்றது. இறங்கியதும் எடுத்துப் பார்த்தால் ஒரு ஃபின், அதாவது ராக்கெட்டின் அடிப்பக்கம் ஒட்டும் இறக்கை, அடியோடு பெயர்ந்திருந்தது. இரண்டுக்கும் காரணம் நான் உப்புத்தாள் போட்ட விதம்தான்.

பால்சா என்ற லேசான மென்மரத்தில் செய்த மூன்று ஃபின்களையும் தனித்தனியாகத் தேய்த்ததில் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வந்துவிட்டது. அடுத்த முறை மூன்றையும் அடுக்கி, குண்டூசி குத்தி, ஓரங்களை ஒரே கட்டாகத் தேய்த்தேன். உப்புத்தாளைத் தட்டையான மரக்கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். வெறும் விரலால் அழுத்தினால் பால்சாவில் உடனே பள்ளம் விழும். 220 நம்பரில் தொடங்கி 400இல் முடித்தேன். அப்புறம் பிரித்து, முன் ஓரத்தை உருண்டையாகவும் பின் ஓரத்தை மெலிதாகவும் இழைத்தேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் இத்தனை இழுப்பு என்று எண்ணியே செய்தேன். புது ராக்கெட் நேராக ஏறியது.

பெயர்ந்த ஃபின் விஷயம் வேறு. ராக்கெட்டின் உடலான குழாயில் ஒட்டும் ஓரத்தையும் உருட்டிவிட்டிருந்தேன். பசை பிடிக்க இடமே இல்லை. சரி, அந்த ஓரத்தைத் தட்டையாக விட்டால் போதுமா? போதும். ஆனால் குழாயின்மேல் உப்புத்தாளைச் சுற்றி, அதில் ஃபின்னை நீளவாக்கில் தேய்த்தால் வளைவு அப்படியே பொருந்துகிறது. ஒட்டும் இடத்தில் குழாயின் வழவழப்பையும் லேசாகச் சுரண்டிவிட்டு மரப்பசை வைத்தேன்.

மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் பூச்சான சீலரை ஃபின்னின் இரு பக்கமும் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசிக் காயவைத்த ஃபின் அப்பளம் போல வளைந்துவிட்டது.