20 நிமிட டெஸ்ட்டில் காணாமல் போகும் 5 நிமிடம்

எங்கள் சைக்கிள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் போன வாரம் ஈ.சி.ஆர். டீக்கடையில் போனை நீட்டினார். "அண்ணா, 20 நிமிஷ டெஸ்ட் போட்டேன். 250 வாட். 5 சதவீதம் கழிச்சா எஃப்.டி.பி. 237!" எஃப்.டி.பி. என்றால் சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்க முடிகிற அதிகபட்ச வாட், அதாவது மிதிக்கும் சக்தி. வரைபடத்தைப் பார்த்தேன். பத்து நிமிடம் சும்மா சுற்றிவிட்டு, நேராக 20 நிமிடத்தில் இறங்கியிருக்கிறார். ஆறு வருடத்துக்கு முன் நான் போட்டதும் இதே டெஸ்ட், இதே ஓட்டையோடு. சாப்பிட்ட உடனே ஏறாதே, பேட்டரியைப் பார்த்துக்கொள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அதை விட்டுவிடுகிறேன். அளக்கும்போது நாம் செய்கிற மற்ற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

முதல் 5 நிமிடத்தை விட்டுவிடுவது

ஒரு மணி நேரம் முழு மூச்சாக மிதிப்பது பெரும்பாடு என்பதால், வாட் வைத்துப் பயிற்சி செய்வது பற்றிப் புத்தகம் எழுதிய ஹண்டர் ஆலனும் ஆண்ட்ரூ காகனும் 20 நிமிட முறையைப் பரப்பினார்கள். அந்த முறையில் 20 நிமிடத்துக்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது. உடம்பைச் சூடாக்கிய பிறகு 5 நிமிடம் உயிரைக் கொடுத்து மிதிக்க வேண்டும். அப்புறம் 10 நிமிடம் லேசாகச் சுற்றிவிட்டுத்தான் 20 நிமிடம்.

காரணம் இருக்கிறது. ஆக்சிஜன் தரும் சக்திக்கு மேல் கொஞ்சம் சக்தியை உடம்பு கையிருப்பாக வைத்திருக்கும். களைப்பில்லாமல் ஏறினால் அது 20 நிமிடக் கணக்கில் கலந்து எண்ணை ஏற்றிவிடும். அந்தக் கையிருப்பில் ஒரு பகுதியைக் கரைக்கத்தான் அந்த 5 நிமிடம். 0.95 என்ற பெருக்கல் அதையும் சேர்த்துப் போட்ட கணக்கு. அதை விட்டுவிட்டுப் பெருக்கலை மட்டும் எடுத்துக்கொண்டால் எப்படிச் சரியாக வரும்?

எனக்கு அன்று 240 வாட் வந்தது. எஃப்.டி.பி. 228 என்று எழுதிக்கொண்டேன். நான்கு மாதம் கழித்து முறையாகப் போட்டபோது 228 வாட்தான், அதாவது எஃப்.டி.பி. 217. வித்தியாசம் வெறும் 11 வாட். ஆனால் எஃப்.டி.பி. என்ற இந்த எல்லைக்குக் கீழே மிதித்தால், தசை கடுமையாக உழைக்கும்போது உண்டாகும் லாக்டேட் ரத்தத்தில் ஓரளவுக்கு ஏறி நின்றுவிடும். மேலே போனால் ஏறிக்கொண்டே இருக்கும். அந்த நான்கு மாதமும் செவ்வாய், வியாழன் என்று இரண்டு 20 நிமிடப் பயிற்சிகளை 228-இல் வைத்திருந்தேன். முதலாவது முடியும். இரண்டாவதில் 12-ஆம் நிமிடம் தொடை கல்லாகிவிடும். மனவலிமை போதவில்லை என்று நினைத்து இன்னும் கூட்டினேன். காலையில் எழும்போதே இதயத் துடிப்பு வழக்கத்தைவிட ஏறியிருந்தது. அந்த வருடம் 200 கி.மீ. பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்ட தூர சைக்கிள் பயணம்) ஒன்றைப் பாதியில் விட்டுவிட்டு பஸ்ஸில் வீடு திரும்பினேன். ஐந்தே நிமிடத்தை விட்டதற்கு ஒரு சீசனே போனது. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது. யூடியூபில் "ஈஸியா எஃப்.டி.பி. டெஸ்ட்" என்று அந்த 5 நிமிடத்தை வெட்டிவிட்டுச் சொல்லிக்கொடுப்பவர்களைப் பார்த்தால் இன்னும் அதிகமாக.

220-இலிருந்து வயதைக் கழிப்பது

அதிகபட்ச இதயத் துடிப்பைக் கண்டுபிடிக்க இந்தக் கணக்கு வேண்டாம். ஆளுக்கு ஆள் 10, 12 துடிப்பு மேலேயோ கீழேயோ போவது சாதாரணம்.

ராம்ப் டெஸ்ட்டை அப்படியே நம்புவது

நிமிடத்துக்கு நிமிடம் வாட் ஏறும். முடியாமல் நிற்கும்போது, சிறந்த ஒரு நிமிடத்தின் 75 சதவீதத்தை எஃப்.டி.பி. என்று எடுத்துக்கொள்வார்கள். ஸ்பிரிண்டில் பறக்கிறவர்களுக்கு இது தாராளமாக அள்ளிக் கொடுத்துவிடும். நீங்கள் அந்த வகை என்றால் கிடைத்த எண்ணில் அரை மணி நேரமாவது மிதித்துப் பாருங்கள்.

மின்விசிறி இல்லாத அறை

மே மாதச் சென்னையில் மூடிய அறைக்குள் ட்ரெய்னர் (சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கும் கருவி) போட்டால், அதே வாட்டுக்குத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். நீங்கள் அளப்பது பாதி உங்களை, பாதி வெயிலை.

லேபுக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நினைப்பு

ஒரு லேபில் வாட்டைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் லாக்டேட் பார்க்கக் காது மடலில் ரத்தம் எடுத்தார்கள். முதல் மூன்று படிகளில் லாக்டேட் 1.4, 1.6, 2.1. நான்காவதில் திடீரென்று 5.8, அடுத்ததில் 3.0. நான்காவது முறை மட்டும் வியர்வையைத் துடைக்காமல் சொட்டை எடுத்துவிட்டார்கள். வியர்வையிலும் லாக்டேட் உண்டு. ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு, முதல் சொட்டையும் துடைத்தெறிந்துவிட்டு அடுத்ததை எடுக்கச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள், காசு உங்களுடையது.

முந்தின இரண்டு நாள் சோற்றைக் குறைத்துவிட்டும் போகாதீர்கள். மாவுச்சத்துக் கையிருப்பு குறைந்தால் லாக்டேட்டும் குறைவாகத்தான் காட்டும். தேறிவிட்டதாக நினைத்து ஏமாந்துபோவீர்கள். வி.ஓ.2 மேக்ஸ் (உடம்பு அதிகபட்சமாகப் பயன்படுத்தும் ஆக்சிஜன் அளவு) பார்ப்பதானால் சைக்கிளிலேயே பாருங்கள். டிரெட்மில்லில் ஓடி வந்த எண் உங்கள் மிதிக்கு ஒத்துவராது.

ஒரு கருவியின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடுவது

வாட்டை ட்ரெய்னரில் அளந்தால் எப்போதும் ட்ரெய்னர், வாட் காட்டும் பெடலில் அளந்தால் எப்போதும் பெடல்.

அந்தத் தம்பி நேற்று மறுபடி போட்டார், 5 நிமிடத்தோடு. 236 வாட், எஃப்.டி.பி. 224. முகம் கொஞ்சம் வாடித்தான் போனது. செவ்வாய்க்கிழமைப் பயிற்சியை 224-க்கு மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.