கலிபோர்னியாவில் பழைய காருக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மாற்றுவது எப்படி

என்ஜின் புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மாற்ற, ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன் பானட்டைத் திறந்து, அதன் உட்புறத்திலோ ரேடியேட்டருக்கு மேலேயுள்ள சட்டத்திலோ ஒட்டப்பட்டிருக்கும் புகைக் கட்டுப்பாட்டு ஸ்டிக்கரைத் தேடிப் படிக்க வேண்டும். அந்த வண்டி கலிபோர்னியா விதிக்கு உட்பட்டுத் தயாரிக்கப்பட்டதா, மற்ற மாநிலங்களுக்கான ஃபெடரல் விதிக்கு உட்பட்டதா, இரண்டுக்கும் பொதுவானதா என்பதை அதுதான் சொல்லும். அதே ஸ்டிக்கரில் எழுத்தும் எண்ணும் கலந்த 12 இடங்கள் கொண்ட ஒரு குறியீடும் இருக்கும். அந்தக் குறியீட்டுக்கு டெஸ்ட் குரூப் என்று பெயர்; அதன் முதல் இடம் மாடல் ஆண்டையும் அடுத்த மூன்று இடங்கள் தயாரிப்பாளரையும் குறிக்கும். என்னுடைய 2001ஆம் ஆண்டு செடானில் அது 1 என்று தொடங்குகிறது. எண்ணெய்க் கறையைத் துணியால் துடைத்துவிட்டு, எல்லா எழுத்தும் தெரியும்படி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், முதல் முறை கன்வெர்ட்டர் மாற்றியபோது நான் அந்த ஸ்டிக்கரைப் படிக்கவில்லை என்பதே. ஆண்டு, மாடல், என்ஜின் அளவு ஆகிய மூன்றையும் சொல்லி ஒரு கடையில் கன்வெர்ட்டர் வாங்கினேன். "கண்டிப்பாகப் பொருந்தும், சார்" என்றார் கடைக்காரர், பொருந்தவும் செய்தது. ஆனால் அதற்குரிய அனுமதிப் பட்டியலில் என் வண்டியின் டெஸ்ட் குரூப் இல்லை என்பது ஸ்மாக் செக் எனப்படும் மாநிலப் புகைப் பரிசோதனை நாளில்தான் தெரிய வந்தது. ஒரே ஆண்டின் ஒரே மாடல் இரண்டு வெவ்வேறு டெஸ்ட் குரூப்களில் வந்திருக்கக்கூடும் என்பதும், போல்ட் துளைகள் ஒத்துப்போவதற்கும் சட்டம் ஒத்துக்கொள்வதற்கும் தொடர்பில்லை என்பதும் அன்றுதான் எனக்குப் புரிந்தன.

சட்டம் என்று நான் சொல்வது கலிபோர்னியா காற்று வள வாரியத்தின் விதிகளை. தயாரிப்பாளரின் ஒரிஜினல் பாகமாக இல்லாமல் வெளிச் சந்தையில் விற்கப்படும் ஒவ்வொரு கன்வெர்ட்டரும் இந்த வாரியத்தின் நிர்வாக ஆணை எண்ணைப் பெற்றிருக்க வேண்டும். அந்த எண் டி-193 என்று தொடங்கி, கன்வெர்ட்டரின் உடலிலேயே, புகை செல்லும் திசையைக் காட்டும் அம்புக்குறியோடு பொறிக்கப்பட்டிருக்கும். 2009ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள கடுமையான விதியின்படி, இத்தகைய கன்வெர்ட்டருக்கு 5 ஆண்டு அல்லது 50,000 மைல் உத்தரவாதம் தரப்பட வேண்டும்; பழைய வண்டியிலிருந்து கழற்றிய கன்வெர்ட்டரை இன்னொரு வண்டிக்காக விற்பதும் பொருத்துவதும் கூடாது. ஆகவே உடைசல் யார்டில் அதே மாடல் வண்டி கிடக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். வாரியத்தின் இணையதளத்தில் உள்ள தேடல் பக்கத்தில் வண்டியின் விவரத்தையும் டெஸ்ட் குரூப்பையும் கொடுத்தால், எந்த ஆணை எண்ணின் கீழ் எந்தப் பாகம் செல்லும் என்பது தெரிந்துவிடும். அந்தப் பாக எண்ணை எழுதிக்கொண்டு, அதன் பிறகே கடைக்குப் போக வேண்டும். மற்ற மாநிலங்களுக்கான கன்வெர்ட்டர் பல மடங்கு மலிவாக இருக்கும், பார்ப்பதற்கும் அப்படியே இருக்கும். ஆனால் இங்கே அது செல்லாது. நியூயார்க், கொலராடோ, மெய்ன் மாநிலங்களிலும் இதே வகை விதி வந்துவிட்டது. இரண்டு கன்வெர்ட்டர் இருந்த இடத்தில் ஒன்றை மட்டும் வைத்துச் சமாளிப்பதும், இடம் மாற்றி வெல்டு செய்வதும் அனுமதிக்கப்படுவதில்லை.

பணம் கொடுப்பதற்கு முன் இன்னொரு கேள்வி இருக்கிறது: கன்வெர்ட்டர் உண்மையிலேயே செத்துவிட்டதா? செக் என்ஜின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0420 (கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்ற பழுதுக் குறியீடு) என்று வந்தால் பலரும் உடனே கன்வெர்ட்டரை மாற்றக் கிளம்பிவிடுகிறார்கள். கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள ஆக்சிஜன் சென்சரின் மின்னழுத்தம் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். கன்வெர்ட்டர் நல்ல நிலையில் ஆக்சிஜனைத் தேக்கி வைத்து விடுவித்தால், பின்னால் உள்ள சென்சர் ஏறத்தாழ 0.6 அல்லது 0.7 வோல்ட்டில் அசையாமல் நிற்கும். பின் சென்சரும் முன் சென்சரைப் போலவே ஆடத் தொடங்கினால்தான் கன்வெர்ட்டரின் மேல் சந்தேகப்பட வேண்டும். அப்போதும்கூட, மேனிஃபோல்டுக்கும் (என்ஜினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாய்த் தொகுதி) கன்வெர்ட்டருக்கும் இடையே, இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் கசிந்து வெளிக்காற்று உள்ளே புகுந்தால் சென்சர்கள் ஏமாந்துபோகும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, இணைப்புகளின் அருகே காதை வைத்து 'டிக் டிக்' என்ற சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். இணைப்பைச் சுற்றிக் கரிய புகைக்கறை படிந்திருந்தாலும் கசிவு இருப்பதாகவே பொருள். வண்டி மேட்டில் மூச்சு வாங்கினால் அடைப்பு இருக்கலாம். முன் சென்சரைக் கழற்றிய துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, 2500 ஆர்.பி.எம்மில் 3 பி.எஸ்.ஐக்கு மேல் காட்டினால் அடைப்பு ஏறத்தாழ உறுதி.

கன்வெர்ட்டர் தானாகச் சாவது அரிது; பெரும்பாலும் என்ஜின்தான் அதைக் கொல்கிறது. ஒரு சிலிண்டரில் மிஸ்ஃபயர் ஏற்பட்டால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளே உள்ள தேன்கூடு போன்ற பீங்கானையே உருக்கிவிடும். தேய்ந்த பிஸ்டன் ரிங் வழியாக என்ஜின் ஆயில் எரிந்தால், அதிலுள்ள பாஸ்பரஸ் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சின் மேல் படிந்து அதை மூடிவிடும். ஆயிரம் மைலுக்கு ஒரு குவார்ட் ஆயில் குடிக்கும் வண்டியில் புதிய கன்வெர்ட்டரைப் பொருத்துவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதைப் போன்றது. ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், ஆயில் செலவு ஆகியவற்றை முதலில் சரிசெய்யுங்கள். ஒரிஜினல் கன்வெர்ட்டருக்கான ஃபெடரல் உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 80,000 மைல். பழைய காருக்கு அது முடிந்திருக்கும்.

இனி ஸ்பானர் வேலை. வண்டி ஓடி நின்ற பிறகு சில மணி நேரம் ஆறவிட்டு, சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஜாக்கியில் தூக்கிய பின் தாங்கிகளின் மேல் இறக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்கள். துரு கண்ணில் கொட்டும் என்பதால் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். முந்தைய நாள் இரவே எல்லா நட்டுகளுக்கும் துரு இளக்கும் எண்ணெயை அடித்து வைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. சென்சரின் மின் இணைப்பைப் பிரித்துவிட்டு, ஒரு பக்கம் பிளந்த 22 மில்லிமீட்டர் சாக்கெட்டால் அதைக் கழற்றுங்கள். பாதி சுற்று வந்து மறுத்தால் பலத்தைக் காட்டாமல், மறுபடி முறுக்கி, எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாக இளக்க வேண்டும். அவசரப்பட்டால் இழை சென்சரோடு உரிந்து வந்துவிடும். ஸ்டட் (தலையில்லாத போல்ட்) முறிந்தால் அதைத் துளையிட்டு எடுக்க ஒரு முழு மாலைப்பொழுது போய்விடும், எனக்குப் போயிருக்கிறது.

புதிய கன்வெர்ட்டரைப் பொருத்தும்போது அம்புக்குறி பின்பக்கம், அதாவது சைலன்சரை நோக்கி இருக்க வேண்டும். பழைய கேஸ்கெட், ஸ்பிரிங் போல்ட், நட்டு எதையும் மீண்டும் பயன்படுத்தாதீர்கள். முதலில் எல்லா போல்ட்டுகளையும் கையால் மாட்டி, குழாய் எங்கும் உரசாமல் இருப்பதைப் பார்த்த பிறகே, முன்னிருந்து பின்னாக, வண்டியின் சர்வீஸ் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். சென்சரின் இழையில் மட்டும், அது இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையைத் தடவ வேண்டும், முனையில் ஒரு துளிகூடப் படக்கூடாது. ஆடுகிறது, சத்தம் போடுகிறது என்று வெப்பத் தடுப்புத் தகட்டைக் கழற்றிப் போட்டுவிடுபவர்கள் உண்டு. கோடையில் காய்ந்த புல்லின் மேல் வண்டியை நிறுத்தினால் தீப்பிடிப்பதற்கு அது போதும். முதல் ஸ்டார்ட்டில் கொஞ்சம் புகையும் நாற்றமும் வருவது இயல்புதான், சிறிது நேரத்தில் நின்றுவிடும்.

ஸ்கேனரில் பழுதுக் குறியீட்டை அழித்த கையோடு ஸ்மாக் செக்குக்குப் போகக்கூடாது. அழித்தவுடன் வண்டியின் கணினி தன் சுயபரிசோதனைகள் அனைத்தையும் முடிக்காத நிலைக்குத் திரும்பிவிடும். 2000ஆம் ஆண்டு முதலான பெட்ரோல் வண்டிகளில் பெட்ரோல் ஆவிக்கான பரிசோதனை ஒன்று மட்டும் முடியாமல் இருந்தாலும் ஸ்மாக் செக்கில் அனுமதி உண்டு. 1996 முதல் 1999 வரையிலான வண்டிகளில் ஏதேனும் ஒன்று முடியாமல் இருந்தாலும் அனுமதி உண்டு. ஆகவே டேங்கைப் பாதியளவு நிரப்பி, இரவு முழுதும் குளிரவிட்ட வண்டியைக் காலையில் எடுத்து, நகரத்துக்குள் சிறிது ஓட்டி, பிறகு ஃப்ரீவேயில் 55 மைல் வேகத்தில் சீராகப் போய், பிரேக்கைத் தொடாமல் வேகம் குறையவிட்டு, இப்படிச் சில நாட்கள் ஓட்டுங்கள். மலிவான ஸ்கேனரிலேயே 'ரெடி' என்பதைப் பார்க்கலாம். 1999ஆம் ஆண்டு வரையிலான வண்டிகளைப் பெருநகரப் பகுதிகளில் உருளைகளின் மேல் ஓட்டிப் புகையையே அளப்பார்கள். அவற்றுக்கு நன்கு சூடான என்ஜினோடு போவது உதவும், ஏனெனில் ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகே கன்வெர்ட்டர் வேலை செய்யத் தொடங்குகிறது.

பரிசோதகர் வண்டிக்கு அடியில் கண்ணாடியை நீட்டி ஆணை எண்ணைப் படிப்பார். எண் மேல்பக்கம் திரும்பி மறைந்திருந்தாலோ சேற்றில் மூடியிருந்தாலோ தகராறு வரும் என்பதால், முன்கூட்டியே பிரஷ்ஷால் துடைத்து வையுங்கள். உங்கள் வண்டிக்கு அனுமதி பெற்ற கன்வெர்ட்டர் சந்தையில் எங்குமே கிடைக்கவில்லை என்றால், ஸ்மாக் செக் ரெஃபரி என்ற அரசு ஏற்பாட்டை அணுகலாம். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்குப் பழுதுச் செலவில் உதவும் திட்டமும் மாநிலத்தில் உண்டு. இங்கு வந்து முதல் காராக இருபது வயது செடானை வாங்கும் நம்மவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஸ்மாக் சான்றிதழ் கொடுப்பது விற்பவரின் பொறுப்பு, அது 90 நாள் செல்லும். 'வாங்கிவிட்டு நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்' என்று விலையைக் குறைப்பவரின் வண்டிக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.

கழற்றிய கன்வெர்ட்டருக்கு அதிலுள்ள உலோகத்தால் மதிப்பு உண்டு. ஆனால் திருட்டைத் தடுக்க 2023 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, அது உங்களுடையது என்பதற்கான ஆவணம் இல்லாமல் யாரும் அதை வாங்க முடியாது. வண்டியின் பதிவுத் தாள், புதிய கன்வெர்ட்டரின் ரசீது, உத்தரவாத அட்டை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். திரும்பி வந்ததும் ரசீதையும் அட்டையையும் கிளவ் பாக்ஸில் வைத்துவிடுங்கள்.