‘டிஃபர்’: தவறு எங்கே நுழைகிறது?

‘மை ஒப்பீனியன் இஸ் டிஃபர் ஃப்ரம் யுவர்ஸ்.’ விடைத்தாள்களிலும் அலுவலக மின்னஞ்சல்களிலும் இப்படி எழுதிவிடுகிறார்கள். ‘டிஃபரன்ட்’ பெயரடை, அதற்கு முன்னால் ‘இஸ்’ வேண்டும். ‘டிஃபர்’ (differ) வினைச்சொல், அதற்கு வேண்டாம். ‘டிஃபர்ஸ் ஃப்ரம்’ என்றோ ‘இஸ் டிஃபரன்ட் ஃப்ரம்’ என்றோ ஒன்றை மட்டும் எழுதுங்கள்.

இந்தச் சொல்லில் தமிழிலக்கணமே நல்ல துணை. ‘வேறுபடு’ தன்வினை, ‘வேறுபடுத்து’ பிறவினை. டிஃபர் என்பது வேறுபடு மட்டுமே. அது செயப்படுபொருளை ஏற்காது. ‘வாஸ் டிஃபர்டு’ என்று செயப்பாட்டுவினையாகவும் வராது. வேறுபடுத்திக் காட்ட ‘டிஃபரென்ஷியேட்’ இருக்கிறது. ‘விலை கடைக்குக் கடை வேறுபட்டுக்கொண்டிருக்கிறது’ என்று நாம் பேசுவதில்லை. ‘பிரைசஸ் ஆர் டிஃபரிங்’ என்பதும் அப்படித்தான் இடறும். ‘பிரைசஸ் டிஃபர்’ போதும்.

அடுத்து, கூட வரும் சிறு சொற்கள். ஒரு பொருள் இன்னொன்றிலிருந்து வேறுபட்டால் ‘ஃப்ரம்’. ‘தேன்’ (than) சேர்க்கக் கூடாது. எந்த அம்சத்தில் என்றால் ‘இன்’: ‘தே டிஃபர் இன் சைஸ்’. எவ்வளவு என்றால் ‘பை’: ‘த ரீடிங்ஸ் டிஃபர் பை 5 டிகிரீஸ்’. ஒருவரோடு கருத்து மாறுபட்டால் ‘வித்’, எதைப் பற்றி என்பதற்கு ‘ஆன்’ அல்லது ‘ஓவர்’: ‘ஐ டிஃபர் வித் யூ ஆன் திஸ்’.

நன்றாக எழுதுபவர்களும் சறுக்கும் இடம் ஒப்பீடு. ‘த ரென்ட் இன் சென்னை டிஃபர்ஸ் ஃப்ரம் மதுரை’ என்றால் வாடகையை ஊரோடு ஒப்பிட்டதாகிவிடும். ‘ஃப்ரம் தட் இன் மதுரை’ என்று எழுதினால்தான் வாடகைக்கு வாடகை நிற்கும். பன்மையாக இருந்தால், ‘ரென்ட்ஸ்’ என்று தொடங்கினால், ‘தோஸ் இன் மதுரை’.

‘டிஃபர் டு’ தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. அழுத்தம் முதல் அசையில் விழுந்தால்தான் அது டிஃபர். இரண்டாம் அசைக்கு நகர்ந்தால் ‘டிஃபெர்’ (defer) என்ற வேறு வினையாகக் கேட்கும். அதற்குத் தள்ளிவை என்று பொருள். ‘டு’ சேர்ந்தால் ஒருவர் கருத்தை மதித்து விட்டுக்கொடுப்பது. மறுக்க வந்தவர் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்! இறந்தகால எழுத்துக்கூட்டலையும் இந்த அழுத்தமே முடிவு செய்கிறது: டிஃபர்டு ஒற்றை ‘ஆர்’, டிஃபெர்டு, ரெஃபெர்டு, பிரிஃபெர்டு மூன்றிலும் இரட்டை ‘ஆர்’.

‘ஐ பெக் டு டிஃபர்’ பணிவான தொடர்தான். ஆனாலும் மேலதிகாரிக்கு எழுதும்போது விறைப்பாக ஒலிக்கலாம். அங்கே ‘ஐ சீ இட் அ லிட்டில் டிஃபரென்ட்லி’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.